கண்மாய்க்கரையில் முதுகு காட்டி நின்ற பிள்ளை

குருந்தணிக் கண்மாய்க்கரையில் நின்ற கரண்டு கம்பம் ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்தபோது இல்லாமல் போயிருந்தது. கம்பம்தான் இல்லையே தவிர, கம்பிகள் எல்லாம் பழைய உயரத்திலேயே, கண்ணுக்குத் தெரியாத ஆள் ஒருத்தர் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருப்பதுபோல அப்படியே நின்றன, வீடுகளில் ஃபேன் சுற்றியது, மிக்சி ஓடியது, அதனால் ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லைன்மேன் வந்தார், வண்டியை நிறுத்தி வெறும் இடத்தையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தார், "சப்ளை வருதுல்ல?" என்று கேட்டார். வருகிறது என்றார்கள். "அப்புறம் என்ன?" என்று போய்விட்டார்.

கம்பம் இருந்த இடத்தில் ஒரு பனைமரம் வந்திருந்தது. பக்கத்தில் முன்னாலேயே இருந்த பனையும் இந்தப் புதுப் பனையும் அச்சாக ஒன்று. அதில் ஒடிந்து தொங்கிய மட்டை இதிலும் ஒடிந்து தொங்கியது, அதிலிருந்த தூக்கணாங்குருவிக் கூடு இதிலும் இருந்தது, என்றைக்கோ அதன் உச்சியில் வந்து உட்கார்ந்த காக்கா இதன் உச்சியிலும் உட்கார்ந்திருந்தது, ஆனால் கத்தவுமில்லை, பறக்கவுமில்லை. எந்தப் பக்கமாகச் சுற்றிப் போய்ப் பார்த்தாலும் புதுப் பனையின் ஒரே பக்கம்தான் தெரிந்தது. ஆடு மேய்க்கிறவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மரத்துக்கு ஒரு பக்கம் இருந்தால் போதாதா என்று அதன் நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள்.

செய்தது தமயந்தி. மளிகைக்கடை சோலைமலையின் தங்கச்சி மகள், மெட்ராசில் போட்டோப் படிப்பு படிக்கிற பிள்ளை. நிலத்தைப் படம் எடு, பிறகு அதைக் கம்ப்யூட்டரில் வைத்து இருக்கிறதை இல்லாமலும் இல்லாததை இருக்கிற மாதிரியும் ஆக்கிக் காட்டு என்று காலேஜில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் மாமன் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து கண்மாயைப் படம் எடுத்தாள். படத்தின் நடுவில் கம்பம் கீறல் விழுந்தமாதிரி நின்றதால், பக்கத்துப் பனையை அப்படியே பிரதி எடுத்து அதன்மேல் வைத்து மூடினாள், ஓரத்தைத் தேய்த்து ஒட்டுப்போட்டது தெரியாமல் பண்ணினாள், டீயைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஏன் என்று அவளுக்கும் தெரியாது, அந்த லேப்டாப்பை விற்றவருக்கும் தெரிந்திருக்காது.

சோலைமலை ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "கம்பத்த எடுத்தது எடுத்துட்ட தாயி. கம்பியில மட்டும் கை வச்சிராத. உங்க அத்தைக்குச் சீரியல் ஓடணும்."

அதற்குப் பிறகு மாடிப்படிக்குக் கீழே செருப்புகள் குவிய ஆரம்பித்தன. ஒருத்தர் தன் புஞ்சையில் அடைந்து கிடந்த சீமைக்கருவேலை முழுவதையும் எடுக்கச் சொன்னார். தமயந்தி வெறுந்தரையைப் பிரதி எடுத்து எடுத்துப் பரப்பினாள், மறுநாள் புஞ்சை சுத்தமாக இருந்தது, ஆனால் ஒரே கல்லும் ஒரே ஆட்டுப் புழுக்கையும் பத்தடிக்கு ஒருதரம் வந்துகொண்டே இருந்தது, அவர் அந்தக் கல்லை ஒவ்வொரு இடத்திலும் தடுக்கி விழுந்தார். ஒருத்தர் பக்கத்து வீட்டுக்காரர் கட்டின சுவரை எடுக்கச் சொன்னார், அவர் இறங்குவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் படியேறி வந்து இவருடைய மோட்டார் ரூமை எடுக்கச் சொன்னார். ஒரு பெண் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு, "எங்க வீட்டுக்காரருக்கு முன்மண்டையில மட்டும் கொஞ்சம் முடி ஒட்டிவிடுவியா தங்கச்சி?" என்று கேட்டாள்.

"நான் ஆளுகள எடுக்கிறதில்லக்கா. நிலம் மட்டும்தான்" என்றாள் தமயந்தி.

கண்மாயில் தண்ணீர் வேண்டுமென்று ஊர்த் தலைவர், அம்பலம் கருத்தானே வந்து கேட்டார். ஆனிமாத வெயிலில் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. போன ஐப்பசியில் கண்மாய் நிறைந்து கிடந்தபோது எடுத்த படங்கள் தமயந்தியிடம் இருந்தன, அதிலிருந்து தண்ணீரை எடுத்து இதில் வைத்தாள். விடிந்தபோது கரை முட்டத் தண்ணீர் கிடந்தது. பெண்கள் குடத்தோடு ஓடினார்கள், குடம் முங்கவில்லை, எவர்சில்வர் தட்டில் இடித்ததுபோல டங்கென்று சத்தம் வந்தது. எருமைகள் வாயை வைத்துவிட்டு, வறண்ட மூக்கோடு நிமிர்ந்து மனிதர்களைப் பார்த்தன. அம்பலம் தலையைச் சொறிந்தார். "நம்ம ஏமாறலாம்த்தா, நமக்குப் பழக்கம். மாடு பாவம், எடுத்துரு" என்றார்.

அந்த ஐப்பசிப் படங்களை எல்லாரும் பார்த்த அன்றைக்குத்தான் அழகுமீனாள் கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றாள்.

அழகுமீனாள் எங்கேயும் பின்னால் நிற்கிறவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்கமாட்டாள். அவள் புருசன் நாக்பூரில் முறுக்குக் கம்பெனியில் அடுப்படியில் நின்றான், பொங்கலுக்கு வருவான். இடுப்பில் கைப்பிள்ளை தருண் இருந்தான், தவழ ஆரம்பித்திருந்தான். அவனுக்கு மூத்தவள் சஷ்டிகா. ஒண்ணாப்புப் படித்தவள், போன ஐப்பசியில் கண்மாய் மடையில் விழுந்து போய்விட்டாள். அப்போது தருண் வயிற்றில் இருந்தான், அதனால் அழகுமீனாளை அழக்கூட விடவில்லை, வயிற்றுப்பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லிச் சொல்லி எல்லாரும் அவள் வாயை அடைத்தார்கள், அந்த அழுகை இன்னும் எங்கேயும் போகாமல் உள்ளேயே நின்றது.

எல்லாரும் இறங்கிப் போன பிறகு அவள் லேப்டாப்பைத் தொடாமல் விரலை மட்டும் நீட்டினாள். "இந்தச் செவப்பு?"

கரை ஓரத்தில் மிளகாய் வற்றல் விதை அளவுக்கு ஒரு சிவப்பு. தமயந்தி பெரிதாக்கினாள். சிவப்புக் கவுன், ரெட்டைச் சடை, வலது கையில் ஒரு பாக்கெட்டு. முதுகுதான் தெரிந்தது. இன்னும் பெரிதாக்கியபோது எல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தது. அழகுமீனாள் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"உடைக்காதத்தா. சின்னதாவே இருக்கட்டும்."

பிறகு, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். "அன்னைக்கு அவளுக்குப் பெறந்தநாளு. யூனிபார்ம் போடாம கவுன் போட்டுக்கிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக்கிட்டுப் போனா. ரோட்டு வழியா போடின்னு சொல்லியிருந்தேன். கரை மேல ஏறிட்டா. நான் வாசல்ல நின்னு பாத்தேன். கூப்பிட வாய் வந்துருச்சு. பெறந்தநாளும் அதுவுமா, போற பிள்ளைய பின்னாலருந்து கூப்பிடக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டேன்."

தமயந்தி படத்தைப் பழைய அளவுக்கே சுருக்கினாள்.

"இவள எடுத்து இப்ப இருக்கிற கரையில வையி."

"அக்கா, நான் ஆளுகள..."

"முடி கேட்டா முடியாதுன்னு சொல்லு. இது என் பிள்ள."

"முதுகு மட்டும்தான்க்கா இருக்கு. பனைமரத்தப் பாத்தீங்கல்ல?"

"முதுகு போதும்" என்றாள் அழகுமீனாள்.

மறுநாள் காலையில் சஷ்டிகா கரையில் நின்றாள். ஒரு காலை முன்னே வைத்து, பின்குதிகாலைத் தூக்கி, போகப் போகிறவளாக நின்றாள். போகவில்லை. கவுன் ஒரு பக்கமாகக் காற்றில் ஒதுங்கியது ஒதுங்கியபடி இருந்தது. அழகுமீனாள் மூச்சு வாங்க ஓடி முகத்தைப் பார்க்க முன்னால் போனாள், முன்னால் போனால் அங்கேயும் முதுகு, இந்தப் பக்கம் வந்தால் இங்கேயும் முதுகு. தொட்டாள். சடை சடையாக இருந்தது, ரிப்பன் ரிப்பனாக இருந்தது, கழுத்தில் பவுடர் திட்டுகூட இருந்தது. காலை வெயிலின் சூடுகூட இருந்தது.

அப்போது அவள் ஊர் கேட்கப் பின்னாலிருந்து கூப்பிட்டாள். "சஷ்டி! ஏய் சஷ்டிகா!" பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள், அந்த ஊரில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பிள்ளை திரும்பவில்லை. யாரும் கூப்பிடாத ஒரு காலையில் இருந்து அவளை எடுத்து வந்திருந்தார்கள், அந்தக் காலையில் இந்தச் சத்தம் இல்லை.

ஊர் அவளைப் பழகிக்கொண்டது. புல்லுக்கட்டோடு கரையில் வருகிறவர்கள், "வெலகிக்க சஷ்டி" என்று சொல்லிவிட்டு அவர்களே விலகிப் போனார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அவள் ரொம்பவும் வசதியாகப் போனாள், கண்ணாமூச்சி விளையாட்டில் கண்ணைப் பொத்தி நிற்கிறவளாக அவளை வைத்துக்கொண்டு எல்லாரும் ஒளிந்தார்கள், யாரும் தோற்கவில்லை, யாருமே கண்டுபிடிக்கப்படவில்லை, சாயங்காலம் அவரவர் அம்மா வந்து காதைப் பிடித்து இழுத்துப் போகிறவரைக்கும் புதருக்குள்ளேயே கிடந்தார்கள். வெயில் ஏறினால் யாராவது ஒருத்தர் குடையை அவள் தோளில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் எல்லாருடைய நிழலும் கிழக்கே நீண்டு கிடக்க, அவள் நிழல் மட்டும் காலை நேரத்து நிழலாக மேற்கே கிடந்தது, அதை மிதிக்காமல் தாண்டிப் போக எல்லாருக்கும் கால் தானாகப் பழகிவிட்டது.

அழகுமீனாள் அங்கேயே இருந்தாள். காலையில் சோற்றை வடித்து வைத்துவிட்டு வருவாள், பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் உட்காருவாள், பேசுவாள். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்காதவள் அங்கே உட்கார்ந்து பேசித் தீர்த்தாள், தம்பி பிறந்ததையும், அவனுக்குப் பல் முளைக்கிறதையும், அப்பா போனில் அழுததையும், உன் செருப்பை யாருக்கும் கொடுக்கவில்லை என்பதையும் சொன்னாள். சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பாள், சடை ஆடுகிறதா என்று பார்ப்பாள், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அந்தக் கழுத்து திரும்பும் என்று இமைக்காமல் பார்ப்பாள். அவள் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க, அவளுக்குப் பின்னால் சேலையை விரித்து உட்கார வைத்த தருண் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆடி பிறந்ததும் அம்பலம் கரைக்கு வந்தார், கூடவே நாலைந்து பெரிய மனிதர்களும் வந்தார்கள். "அழகு, கன்னியாவே போன பிள்ளைத்தா. கன்னி தெய்வமா வந்து நிக்கிறா. கடைசி வெள்ளிக்குப் பீடம் கட்டி, பாவாடை சாத்தி, பொங்க வச்சிருவோம். ஊருக்குக் காவலா இருக்கட்டும்."

அழகுமீனாள் தலையைக் குனிந்துகொண்டே, "அவ ஒண்ணாப்புப் படிக்கிற பிள்ளங்கய்யா" என்றாள்.

"அதான்த்தா சொல்றேன். பூச போட்டாச்சுன்னா மழைக்கும் வெயிலுக்கும் கூரை வந்துரும்ல."

"நான் தொடலாமாய்யா?"

அம்பலம் இருமினார். பூசை போட்ட பிறகு பூசாரியைத் தவிர யாரும் தொட முடியாது, பிள்ளை பெற்றவள் தீட்டு நாளில் கரைப்பக்கமே வரமுடியாது, அது எல்லாருக்கும் தெரியும். அவர், பீடத்துக்கு எத்தனை செங்கல் ஆகும் என்று கூட வந்த கொத்தனாரிடம் பேசிக்கொண்டே போய்விட்டார்.

அன்றிலிருந்து அழகுமீனாள் வீட்டுக்குச் சாப்பிடக்கூடப் போகவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஒருதரம் திரும்பிவிடு, ஒரே ஒருதரம் முகத்தைக் காட்டிவிடு என்று முதுகிடம் கெஞ்சினாள். கெஞ்சிக் கெஞ்சித் தொண்டை கட்டிப்போன ஒரு மத்தியானம், சேலை விரிப்பில் இருந்த தருண் அம்மாவின் முதுகைப் பார்த்துச் சலித்துப்போய்த் தவழ ஆரம்பித்தான். பக்கத்திலிருந்த மடைக்கல்லின் மினுமினுப்பு அவனுக்குப் பிடித்திருந்தது. கல்லின் விளிம்புக்கு அந்தப் பக்கம் மடைக்குழி, ஆளுயரத்துக்குக் கீழே வெறும் பாறை.

அழகுமீனாளின் நாத்தனார் பாண்டியம்மா சோற்றுத் தூக்குவாளியோடு வந்துகொண்டிருந்தாள். வாளியைப் போட்டுவிட்டு ஓடி, பிள்ளையின் ஒற்றைக் காலைப் பிடித்துத் தூக்கினாள். தலைகீழாகத் தொங்கிய தருண் வீறிட்டுக் கத்தினான். அந்தச் சத்தத்துக்குத்தான் அழகுமீனாள் திரும்பினாள்.

பாண்டியம்மா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஏன்டி, இவனும் இதே எடத்துல போகணுமா? அப்புறம் இவன் முதுகையும் படத்துல இருந்து எடுத்து ஒட்டச் சொல்லுவியா?"

"மதினி..."

"இவன் எத்தன வாட்டி அம்மான்னான் தெரியுமா? நான் ரோட்டுலருந்தே கேட்டேன். உனக்குத்தான் கேக்கல. நீயும் அவளமாதிரிதான் ஆயிட்ட, கூப்பிட்டா திரும்பமாட்டேங்கிற."

பாண்டியம்மா வாயிலிருந்து அது கோபத்தில் வந்த வார்த்தைதான். அழகுமீனாள் மகனை வாங்கி இடுப்பில் வைத்து, தரையில் சிந்திக் கிடந்த சோற்றைத் தாண்டினாள். பிறகு நேரே மாடிக்குப் போனாள்.

"எடுத்துரு தமயந்தி."

தமயந்தி படத்தைத் திறந்தாள். "எடுக்கணும்னா பக்கத்துல இருக்கிறத இழுத்து மேல மூடணும்க்கா. ஒரு பக்கம் புல்லு, ஒரு பக்கம் வெறும் மண்ணு. எத வைக்கட்டும்?"

மண் என்ற வார்த்தையைக் கேட்டதும் அழகுமீனாள் கீழே உட்கார்ந்துவிட்டாள். ஒருதரம் மண்ணால் மூடியாகிவிட்டது, இன்னொருதரம் எப்படிச் சொல்வது? தருண் பால் குடித்தான். குடித்துக்கொண்டே அவள் முகத்தைத் தன் சின்னக் கையால் தடவித் தடவிப் பார்த்தான். அவன் குடித்து முடிக்கிறவரைக்கும் அவள் யோசித்தாள்.

"என்னையப் படம் எடு" என்றாள். "பின்னாலருந்து எடு. நான் கையப் பிடிக்கிற மாதிரி நிக்கிறேன். எடுத்து அவ பக்கத்துல வையி. அவளுக்கு ஒரு அம்மா இருக்கட்டும். இவனுக்கு ஒண்ணு இருக்கட்டும்."

தமயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். "காலையிலதான் எடுக்கணும்க்கா. அவ மேல அடிக்கிற வெளிச்சமும் உங்க மேல அடிக்கிற வெளிச்சமும் ஒத்துப்போகணும். எந்தப் பக்கம் நிப்பீங்க?"

"தண்ணிப் பக்கம்."

"தண்ணியே இல்லயேக்கா."

"இல்லாட்டியும் தண்ணிப் பக்கம்தான்."

"அங்கிட்டு நின்னா உங்க நிழல் பாப்பா மேல விழும். அவ கவுன நான் கொஞ்சம் இருட்டாக்கணும்."

"விழட்டும்த்தா. வெயில்லயே நிக்கிறா."

மறுநாள் காலையில், பாண்டியம்மா தருணை வைத்துக்கொள்ள, அழகுமீனாள் தலை குளித்து, போன வருசம் பிறந்தநாளுக்குக் கட்டியிருந்த அதே ஊதாச் சேலையைக் கட்டிக்கொண்டு கரையில் ஏறினாள். பிள்ளையைவிட்டுத் தள்ளி, வெறும் இடத்தில், முதுகைக் காட்டி நின்று வலது கையைக் கீழே இறக்கினாள். தமயந்தி தூரத்திலிருந்து கத்தினாள். "அக்கா, கைய இன்னுங்கொஞ்சம் மேல தூக்குங்க. ஆறு வயசுப் பிள்ள இன்னேரம் வளந்திருக்கும்ல!"

"வளரலத்தா" என்றாள் அழகுமீனாள், திரும்பாமல். "இதான் உயரம்."

கடைசி வெள்ளிக்குச் செங்கல் வண்டி வந்தபோது கரையில் ரெண்டு பேர் நின்றார்கள். ஊதாச் சேலைக்காரி கண்மாய்ப் பக்கம் நின்றாள், சிவப்புக் கவுன்காரி அவள் நிழலுக்குள் நின்றாள், கையைக் கை பிடித்திருந்தது. ஒட்டுப்போட்டது தெரியவில்லை. அம்பலம் ரெண்டு பக்கமும் சுற்றிப் பார்த்தார், ரெண்டு பக்கமும் முதுகாக இருந்தது. கன்னி தெய்வம் என்றால் தனியாகத்தானே நிற்கும், ஆத்தாளைக் கூட்டிக்கொண்டு நிற்கிற கன்னிக்கு எந்த ஊரில் பூசை போட்டிருக்கிறார்கள் என்று பூசாரி கேட்டார். அம்பலம் செங்கல் வண்டிப் பக்கம் திரும்பினார். செங்கலைத் திருப்பி அனுப்ப மனசில்லாமல் பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்குக் கொடுத்துவிட்டார்.

தமயந்தி அந்தப் படத்தைக் காலேஜில் கொண்டுபோய்க் காட்டினாள். வாத்தியார் வெகுநேரம் பார்த்துவிட்டு, நிலம் நன்றாக இருக்கிறது, அந்த ரெண்டு உருவத்தையும் எடுத்துவிட்டால் இன்னும் சுத்தமாக இருக்கும் என்றாராம். அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். மார்க்கு குறைந்தது. அதற்கப்புறம் அவள் எந்தப் படத்தையும் திருத்தவில்லை என்று சோலைமலை கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அழகுமீனாள் கரைக்குப் போவதை நிறுத்தினாள், ரோட்டு வழியாகவே போனாள், வந்தாள். தருண் கூப்பிட்டால் கையில் என்ன வேலை இருந்தாலும் திரும்பினாள். கரையைத் தாண்டிப் போகிறவர்கள் மட்டும் சில நேரம் அவள் வீட்டு வாசலில் நின்று, அவள் முகம் இருக்கிறதா என்று ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் சிரித்துக் காட்டுவாள்.

ஆனால் அவளுடைய வலது கை அந்தக் காலையிலிருந்து முழுசாக விரியவில்லை. பாத்திரம் விளக்கும், மாவு பிசையும், களை பிடுங்கும், வேலை ஓய்ந்ததும் தானாகப் பாதி மூடி, உள்ளே எதையோ இறுக்காமல் பிடித்துக்கொள்ளும். உள்ளங்கை கதகதப்பாகவும், மிட்டாய் தின்ற பிள்ளையின் கையைப் பிடித்ததுபோலக் கொஞ்சம் பிசுபிசுப்பாகவும் இருக்கும். "என்னத்தடி மூடி வச்சிருக்க, எங்களுக்கும் கொஞ்சம் குடேன்" என்று நூறுநாள் வேலைக்கு வருகிற பெண்கள் கேலி பண்ணுவார்கள். அவள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள்.

தருண் நடக்கப் பழகினான். கடைக்குப் போகிற ஒரு சாயங்காலம், இடது பக்கம் வந்தவன் சட்டென்று சுற்றி வலது பக்கம் வந்து, அம்மாவின் மூடிய கையைப் பிரிக்கப் பார்த்தான், பிரியவில்லை, சிணுங்கினான், பிறகு சுண்டுவிரல் பக்கமாகத் தன் விரலை நெம்பி நெம்பி உள்ளே நுழைத்தான். அழகுமீனாள் நடுரோட்டில் நின்றாள். கைக்குள் ஏற்கெனவே இருந்த சின்ன விரல்கள் கொஞ்சம் நகர்ந்து, அவனுக்கும் இடம் விட்டன.